எலுமிச்சை கலக்காத டப்பா

ஜனவரி 9

என் கிரேனுக்கு,

பஸ் கிளம்பும்போது நீ திரும்பிப் பார்ப்பாய் என்று நின்றுகொண்டிருந்தேன். நீ பார்க்கவில்லை. உனக்குப் பின்சீட்டில் இருந்த பெரியவர்தான் பார்த்துக் கையசைத்தார். மரியாதைக்கு நானும் அவருக்குக் கையசைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பளுதூக்கும் கேம்பில் கோச் எல்லார் போனையும் வாங்கிப் பூட்டிவிடுவார் என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை. நேற்று உங்கள் கேம்ப் ஆபீசுக்கு அடித்துப் பார்த்தேன். எடுத்தவர், "சாவு, ஆஸ்பத்திரி, இந்த ரெண்டுக்குத்தான் ஆளைக் கூப்பிடுவோம். மத்ததுக்கெல்லாம் லெட்டர் போடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆகவே எழுதுகிறேன். கல்யாணமாகி நாலு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது என்று உன் அறைத்தோழியிடம் காட்டிச் சிரிக்காதே.

வீட்டில் எல்லாம் அதது அப்படியே இருக்கிறது. அக்கா சமைக்கிறாள், நான் சாப்பிடுகிறேன், பிறகு ரெண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து உன்னைப் பற்றிப் பேசாமல் இருக்கிறோம். மூடிகள்தான் பிரச்சினை. ஜாம் பாட்டில், எண்ணெய் பாட்டில், தேன் பாட்டில், எதுவும் திறக்கமாட்டேன் என்கிறது. இத்தனை நாளும் எல்லாவற்றையும் நீதான் இறுக்கி மூடியிருக்கிறாய் என்று இப்போதுதான் புரிகிறது. நூறு கிலோவைத் தலைக்குமேல் தூக்குகிறவள் மூடியைத் திருகினால் என்னைப் போன்ற ஆள் என்ன செய்ய முடியும். "பொண்டாட்டிய அனுப்பிட்டு ஜாம் பாட்டிலோட மல்லுக்கட்டுறான்" என்று அக்கா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஃபாக்டரியில் பொடி கலக்கும் மிக்ஸிங் டிரம் வழக்கம்போலச் சுற்றுகிறது, நானும் கூடவே சுற்றுகிறேன். எங்களுக்கு மாதாமாதம் தருகிற அமினோ பொடி டப்பாவை உனக்கு அனுப்புகிறேன். எலுமிச்சைச் சுவை. பயிற்சி முடிந்து அரை மணிக்குள் ஒரு கரண்டி குடித்தால் களைத்த தசை சீக்கிரம் தேறும், முன்பு கிழிந்த உன் தொடைத்தசைக்கும் நல்லது என்று உங்கள் கோச் சொல்கிறாராம். பொடியைத் தயாரிக்கிறவன் அதைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கம்பெனிக்கு மரியாதை.

பஸ் ஸ்டாண்டில் நான் சொன்னதை இன்னும் மனதில் வைத்திருப்பாய். சொன்ன விதம் தப்பு. சொன்ன விஷயம் தப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

பொடிக்காரன்


ஜனவரி 17

பொடிக்காரருக்கு,

கடிதம் வந்தது. டப்பா வந்தது. கவர்மேல் "கிரேன்" என்று எழுதாதீர்கள். தபாலைப் பிரித்துக் கொடுக்கிறவர் சத்தமாகப் படித்துவிட்டார். இப்போது சமையல்கட்டு ஆட்கள்வரை எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

விதம் தப்பு, விஷயம் தப்பா என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் திரும்பிப் பார்க்காததற்கு அந்த இரண்டாவது பாதிதான் காரணம். பஸ் படியில் கால் வைக்கிறேன், "இந்தத் தடவையும் தேறலைன்னா பேசாம வீட்டோட இருந்துடு" என்றீர்கள். தேறினால் என்ன என்று நீங்கள் கேட்கவே இல்லை. நான் தேறுவேன் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. அதனால் நானே சொல்கிறேன். மார்ச் முதல் வாரம் தேர்வு. என் எடைப்பிரிவில் மூன்று பேரை எடுப்பார்கள். எடுத்தால் இங்கிருந்தே நேராக வெளிநாட்டுக் கேம்ப், இரண்டு வருஷம். நடுவில் வீட்டுக்கு விடமாட்டார்கள், வீட்டு ஆட்களும் வரக்கூடாது. எடுக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வரவேண்டியதுதான். எனக்கு இருபத்தொன்பது வயது. இதற்கப்புறம் யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை.

உடம்பு எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, சொல்கிறேன். காலையில் ஸ்குவாட் போட்டால் மாலையில் மாடிப்படி இறங்க முடிவதில்லை. திரும்பி நின்று பின்பக்கமாக இறங்குகிறேன். கக்கூஸில் உட்கார்ந்தால் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன். என் அறைத்தோழி ஒரு நெட்டை, ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. வெளியே நின்றுகொண்டு, "அக்கா, பைப்பைப் பிடுங்கிடாதீங்க, அப்புறம் எனக்குத் தண்ணி இல்ல" என்கிறாள். தொடையில் பழைய இடம் குளிரில் இழுக்கிறது.

உங்கள் எலுமிச்சை சகிக்கவில்லை. தரை துடைக்கிற தண்ணீரில் சர்க்கரை போட்டது போல இருக்கிறது. கோச் பார்த்துக்கொண்டிருப்பதால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறேன்.

இங்கே ஒற்றைக்கட்டில். புரண்டு படுத்தால் சுவர் இடிக்கிறது. அதற்கு இன்னும் பழகவில்லை.

நான்


ஜனவரி 25

என் கிரேனுக்கு (உள்ளேதானே எழுதுகிறேன்),

இரண்டு வருஷம் என்று நீ முன்பே ஒரு தடவை சொன்னாய். அப்போது நான் செருப்பு தைக்கக் கொடுக்க வேண்டும் என்று பேச்சை மாற்றினேன். எழுத்தில் வந்தால் பேச்சை மாற்ற முடியவில்லை. நான் எவ்வளவு பார்த்தும் அது இரண்டு வருஷம் என்றே இருக்கிறது.

நீ தேறினால் நான் என்ன செய்வேன் என்று அக்காவிடம் கேட்டேன். "சந்தோஷப்படுவ. ஊரெல்லாம் சொல்லுவ. அப்புறம் பாத்ரூம்ல தண்ணியத் திறந்துவிட்டுட்டு அழுவ" என்றாள். இவளிடம் ஏன் கேட்டேன் என்று இருந்தது.

எங்கள் டப்பா லேபிளில் ஒரு விஷயம் அச்சடித்திருக்கிறது. உடம்பு தனக்கு வேண்டிய அமினோ அமிலங்களில் பாதிக்கு மேல் தானே செய்துகொள்ளும். ஒன்பதை மட்டும் அதற்குச் செய்யத் தெரியாது. முட்டை, பால், பருப்பு, கறி என்று எதிலாவது வெளியிலிருந்து வந்தால்தான் உண்டு. வராவிட்டால் தசை தன்னையே அரித்துத் தின்ன ஆரம்பிக்கும். வருஷக்கணக்காக அந்த லேபிளைப் பார்க்கிறேன், போன வாரம்தான் உறைத்தது. பசி, சிரிப்பு, ஞாயிற்றுக்கிழமை, இப்படிச் சில சமாச்சாரங்கள் எனக்குள் தானாக உண்டாவதில்லை. நீ வெளியிலிருந்து கொண்டுவந்தால்தான் உண்டு. இதை நேரில் சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய். அதனால்தான் இத்தனை நாள் சொல்லவில்லை.

எலுமிச்சைக்கு ஒரு வழி இருக்கிறது. அமினோ பொடி இயல்பில் வேப்பிலைக் கசப்பு. அதை மறைக்கத்தான் கடைசியில் சுவையும் இனிப்பும் கொட்டி மறுபடி சுற்றுவோம். அதற்கு முன்னால், கலவை சரியா என்று பார்க்க டிரம்மின் அடிவாயைத் திறந்து கொஞ்சம் பிடிப்பது வழக்கம். அடுத்த பேட்ச் ஓடும்போது அப்படி முதலில் விழுகிறதை உனக்கு ஒரு டப்பா பிடித்துவிடுகிறேன். சூப்பர்வைசரிடம் கேட்டேன். "உன் சம்சாரத்துக்குத்தானே, நல்லாப் பிடிச்சுக்கோ" என்றார். நிறம் இருக்காது, மணம் இருக்காது, வாய் கசக்கும். ஆனால் ஒன்றும் கலக்காத சுத்தமான சரக்கு. கம்பெனி முதலாளிக்குக்கூட அது கிடைக்காது.

நீ இல்லாத பக்கம் தலையணை வைத்துப் படுக்கிறேன். அது உன்னைப் போலப் போர்வையை இழுப்பதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

பொடிக்காரன்


பிப்ரவரி 3

பொடிக்காரருக்கு,

நிதானமாக எழுத வேண்டும் என்று ஒரு நாள் பொறுத்தேன். நிதானம் வரவில்லை, எழுதுகிறேன்.

முந்தாநாள் காலை, எடை மாட்டிய பாரைத் தோளில் வைத்திருக்கிறேன், ஆபீஸ்காரர் ஓடி வருகிறார். "உங்க வீட்டுக்காரருக்குக் கடுமையான காய்ச்சலாம். ஆஸ்பத்திரில சேர்த்திருக்காம். அவரே பேசினாரு." ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர் அவரே எப்படிப் பேசினார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பாரை அப்படியே போட்டேன். பெட்டியைக் கட்டினேன். நெட்டை என் செருப்பைத் தேடிக் கொடுத்தாள். கோச் பூட்டைத் திறந்து போனை எடுத்துக் கொடுத்து, "வீட்டுல பேசிட்டுக் கிளம்பு, வண்டி சொல்றேன்" என்றார். உங்கள் அக்கா எடுத்தார்கள். "காய்ச்சலா? அவனுக்கா? மாடில துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கான். கூப்பிடட்டுமா?" ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எல்லாரும் கேட்டார்கள்.

வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

கோச் போனை வாங்கி மறுபடி பூட்டிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. ஆபீஸ்காரர்தான், "இனிமே அந்த நம்பர்லேர்ந்து எது வந்தாலும் லெட்டர்தாம்மா, தப்பா நினைக்காதீங்க" என்றார். நான் எதை நினைப்பது. நாலு வருஷம் கட்டிக் காத்த மானம் மொட்டைமாடித் துணியோடு பறந்துவிட்டது.

பெட்டியைப் பிரிக்கும்போது அழுதேன். கோபத்தில் அழுகிறேன் என்று நெட்டை நினைத்துக்கொண்டாள். பாதி அதுதான். மீதி, வீட்டுக்குக் கிளம்பியாகிவிட்டது என்று கொஞ்ச நேரம் நம்பியிருந்தேனே, அதற்காக.

கொஞ்ச நாளைக்கு எழுதாதீர்கள்.


பிப்ரவரி 7

எழுதாதே என்று சொன்னாய். இது கடிதம் இல்லை, டப்பாவோடு வைக்கிற சீட்டு.

எனக்கு உன் குரல் கேட்க வேண்டும் போல இருந்தது. ஆஸ்பத்திரி என்று சொன்னால்தான் கூப்பிடுவோம் என்று அவர்களே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொன்னேன். நீ லைனுக்கு வந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டு நாலு வார்த்தை திட்டு வாங்கலாம் என்று நினைத்தேன். அந்த ஆள் உன்னைக் கூப்பிடப் போகிற அவசரத்தில் லைனையே வைத்துவிட்டார். திரும்பத் திரும்ப அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. நீ பெட்டி கட்டுவாய் என்று நான் நினைக்கவே இல்லை. கட்டினாய் என்று படித்தபோது வெட்கமாக இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. அதை எழுதினால் நீ இன்னும் திட்டுவாய்.

இது திங்கட்கிழமை பிடித்தது. அடிவாயைத் திறந்ததும் முதலில் விழுந்த பொடி, ஒரு மணி எலுமிச்சைகூடக் கிடையாது. லேபிள் ஒட்டவில்லை. மூடியை என் பலம் முழுக்கப் போட்டு இறுக்கியிருக்கிறேன். உனக்கு அது ஒரு பொருட்டில்லை.


பிப்ரவரி 15

பொடிக்காரரே,

கோபம் தீரவில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி கலக்கிக் குடித்தேன். நாக்கு சுருண்டுவிட்டது. நெட்டை ஒரு வாய் வாங்கிக் குடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே துப்பினாள். "இதை எப்படிக்கா குடிக்கிறீங்க?" "அவர் பிடிச்சு அனுப்பினது" என்றேன். "அதுக்காக?" என்றாள். அவளுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை.

குடித்துப் பத்து நிமிஷத்தில் காதும் கழுத்தும் சுருசுருவென்று ஊறுகிறது, எறும்பு ஓடுகிற மாதிரி. உள்ளங்கை வேர்க்கிறது. பிறகு ஒரு வேகம் வருகிறது பாருங்கள், பாரைப் பார்த்தால் பயமே இல்லை. அதனால் இப்போதெல்லாம் பயிற்சிக்குப் பின்னால் குடிப்பதை விட்டு முன்னாலேயே குடிக்கிறேன். எலுமிச்சை போடாத சுத்தச் சரக்கு என்றால் இப்படித்தான் இருக்குமா? பிறகு எதற்கு உங்கள் கம்பெனி அதில் எலுமிச்சையைக் கொட்டிக் கெடுக்கிறது?

தோளுக்குக் கொண்டுவந்து தலைக்குமேல் தூக்குகிற கிளீன் அண்ட் ஜெர்க்கில் ஒரு வருஷமாக நூற்றுப் பத்து கிலோவிலேயே நின்றுகொண்டிருந்தேன். நேற்று நூற்றுப் பதினெட்டு. பாரைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினால் கோச் பாரில் மாட்டிய எடைத்தட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிப் பார்க்கிறார். தப்பாக மாட்டிவிட்டார்களோ என்று சந்தேகம் அவருக்கு.

தூக்கம்தான் போய்விட்டது. கண்ணை மூடினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. படுத்துக்கொண்டு உங்களை நினைக்கிறேன். நீங்கள் முகம் துடைத்துவிட்டுத் துண்டை நாற்காலியில் போடுவதற்கு நான் கத்துவேனே, அந்த ஈரத் துண்டைக்கூட நினைக்கிறேன். உங்களுக்கு ஆஸ்பத்திரி என்று காதில் விழுந்தபோது என் கால் எடுத்த வேகம் எந்தப் போட்டியிலும் எடுத்ததில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்.

முதல் தடவையாக, தேறிவிடுவேன் என்று தோன்றுகிறது. தேறினால் உங்களை இரண்டு வருஷம் பார்க்க முடியாது. இரண்டையும் சேர்த்து நினைக்க வரவில்லை. ஒரு நேரம் இதை, ஒரு நேரம் அதை என்று நினைக்கிறேன்.

உங்கள் கிரேன்


பிப்ரவரி 19

கிரேனே,

உன் கடிதம் நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பும்போதே வந்துவிட்டது. இன்று சாயங்காலம் எழுதுகிறேன். முதலில் விஷயம்: அந்த டப்பாவை இனித் தொடாதே. ஒரு கரண்டிகூட வேண்டாம்.

அமினோ பொடி குடித்தால் யாருக்கும் காது ஊறாது, தூக்கம் போகாது. இவையெல்லாம் வேறு பொடியின் வேலை. பயிற்சிக்கு முன்னால் வேகம் வருவதற்கென்று குடிக்கிற ஒன்றை வேறொரு கம்பெனிக்காக எங்கள் டிரம்மில் கலந்து கொடுக்கிறோம். சும்மா ஜிம்முக்குப் போகிறவர்கள் குடிப்பது. அதில் ஒரு ஊக்கமருந்து உண்டு. போட்டிக்காரர்கள் தொடக்கூடாத பட்டியலில் உள்ளது. அது ஓடியபிறகு டிரம்மைக் கழுவி, காயவைத்து, சோதித்துப் பார்த்துத்தான் அடுத்ததைப் போட வேண்டும். உன் டப்பா பிடித்த நாளுக்கு முந்தின ஷிஃப்டில் அது ஓடியிருக்கிறது. தண்ணீர் வரவில்லை, லாரி நிற்கிறது என்று சூப்பர்வைசர் "துணியால துடைச்சா போதும்" என்றிருக்கிறார். இன்று அந்த ஷிஃப்ட்காரனைப் பிடித்துக் கேட்டேன், சொல்லிவிட்டான். அதுவும் வெள்ளைப் பொடி, இதுவும் வெள்ளைப் பொடி. கண்ணுக்கு எப்படித் தெரியும்.

டிரம்மில் ஒட்டியிருப்பதெல்லாம் இறங்கி அடிவாயில் போய்த்தான் தங்கும். அதைத் திறந்தால் முதலில் விழுவது அதுதான். அதைத்தான் சுத்தம் என்று உனக்குப் பிடித்தேன். பின்னால் போன மற்ற டப்பாக்களில் துளி இருந்தால் அதிகம். உன்னுடையதில்தான் அத்தனையும் இருக்கிறது. கடையில் வாங்கிக் குடித்திருந்தால் உனக்கு ஒன்றும் வந்திருக்காது. ஆசையாகப் பிடித்து அனுப்பினேனே, அதனால் வந்தது.

தேர்வு முடிந்ததும் சோதனைக்குச் சிறுநீர் சாம்பிள் எடுப்பார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதில் இது தெரிந்தால் உனக்குத் தடை. இந்தத் தேர்வோடு போகாது, எல்லாமே போய்விடும். நூற்றுப் பதினெட்டில் உன்னுடையது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. இதை எழுதக் கை கூசுகிறது.

ஆபீசுக்கு அடித்தேன். "நீங்கதானே அந்தக் காய்ச்சல்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன், மறுபடி வைத்தார். நேரில் வந்தாலும் அந்தக் காய்ச்சல் ஆளைக் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள், கடிதம் மட்டும்தான் உன் கைக்கு வரும். விரைவுத் தபாலில் போடுகிறேன். கோச்சிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. எதையும் மறைக்காதே. தண்ணீர் நிறையக் குடி. முட்டை சாப்பிடு, பால் குடி, தூங்கு. தசைக்கு வேண்டியது அதிலேயே இருக்கிறது.

நீ தேற வேண்டும்.

பொடிக்காரன்


பிப்ரவரி 22

முதலில் காய்ச்சல். இப்போது விஷம். அடுத்தது என்ன?

ஒரு வருஷமாக அசையாத எடை அசைந்தது. அசைந்த கையோடு, அது உன்னுடையது இல்லை என்று உங்கள் கடிதம் வருகிறது. நான் தோற்றால் எங்கே வருவேன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "வீட்டோட இருந்துடு" என்று பஸ் ஸ்டாண்டில் சொன்னீர்கள், கேட்கவில்லை. ஆஸ்பத்திரி என்றீர்கள், பலிக்கவில்லை. இப்போது என் பலத்திலேயே கை வைக்கிறீர்கள். எவ்வளவு யோசித்திருப்பீர்கள் இதற்கு.

காலையில் ஒரு கரண்டி குடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். காது ஊறுகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது.


பிப்ரவரி 23

பொடிக்காரரே,

நேற்று ஒரு கடிதம் போட்டேன். பெட்டியில் போட்டதைக் கையை விட்டு எடுக்கலாமா என்றுகூடப் பார்த்தேன், கை நுழையவில்லை. அது வந்தால் படிக்காதீர்கள். நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும்.

நேற்று மத்தியானம் பாருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். நிஜமாகவே நான் தோற்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்தேன். ஒன்றுமே செய்திருக்க வேண்டாம். காது ஊறுகிறது என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்திருந்தால் போதும். நான் நூற்றுப் பதினெட்டோ இருபதோ தூக்கியிருப்பேன். எல்லாரும் கைதட்டியிருப்பார்கள். சாம்பிள் எடுத்திருப்பார்கள். அடுத்த வாரம் பெட்டியோடு நம் வீட்டு வாசலில் நின்றிருப்பேன், இந்த ஜென்மத்தில் மறுபடி எங்கேயும் போக முடியாதபடி. உங்களுக்கு ஒரு பொய்கூடச் செலவாகியிருக்காது.

என் குரலைக் கேட்க ஆஸ்பத்திரியில் படுத்த மனுஷன், சும்மா இருந்தாலே நான் கிடைப்பேன் என்று தெரிந்தும், தொடாதே என்று விரைவுத் தபாலில் எழுதியிருக்கிறார். இது புரிந்ததும் எழுந்து போய்க் கோச்சிடம் எல்லாவற்றையும் கொடுத்தேன், டப்பா, உங்கள் கடிதம், எல்லாம். கோச் இரண்டு தடவை படித்தார். "உன் வீட்டுக்காரர் அந்தக் காய்ச்சல் ஆளுதானே?" என்றார். ஆமாம் என்றேன். "பரவால்ல" என்று மட்டும் சொன்னார்.

கேம்ப் டாக்டரம்மா, "போட்டி அன்னிக்கு உடம்புல இருக்கக் கூடாது. இப்ப நிறுத்தினா அதுக்குள்ள போயிடும்னு நினைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். அதை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உடம்பு பிழியாத துணி மாதிரி கிடக்கிறது. இன்று நூற்றைந்து தோளுக்கே வரவில்லை. ஒன்று மட்டும் நல்லது, மத்தியானம் படுத்தவள் சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. அப்படித் தூங்கி நாளாயிற்று.

உங்கள் கிரேன்


மார்ச் 1

என் கிரேனுக்கு,

ரெண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. நான் இரண்டாவதை முதலில் பிரித்தேன். என் ஜாதகத்தில் அந்த அளவுக்காவது நல்ல நேரம் இருந்திருக்கிறது. மற்றதைப் படித்தேன். நீ சொன்னதில் தப்பொன்றும் இல்லை, நான் அப்படிப்பட்ட ஆளாகத்தான் நடந்துகொண்டிருந்தேன்.

ஃபாக்டரியில் மேலே போய்ச் சொல்லிவிட்டேன். அந்த பேட்சைத் திரும்ப வரவழைக்கிறார்கள். சூப்பர்வைசர் என்னோடு பேசுவதில்லை. என்னை மிக்ஸிங்கிலிருந்து எடுத்து லோடிங்கில் போட்டுவிட்டார்கள். இப்போது பெட்டிகளை லாரியில் ஏற்றுகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் குனிந்து செருப்பைக் கழற்ற முடியவில்லை. நீ தினமும் என்ன படுகிறாய் என்று கொஞ்சம் தெரிகிறது. பின்பக்கமாகப் படியிறங்கிப் பார்த்தேன், நிஜமாகவே வலி குறைவாக இருக்கிறது.

உனக்கு வேகவைத்த முட்டை அனுப்பலாமா என்று தபால் ஆபீசில் கேட்டேன். கவுண்டரில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை அக்காவிடம் சொல்லவில்லை.

இது தேர்வுக்கு முன்னால் உனக்குக் கிடைக்காது. கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். எப்படி முடிந்திருந்தாலும், பஸ் ஸ்டாண்டில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். நீ தூக்கிவிட்டு வா. எத்தனை நாளானாலும் நான் இங்கேதான் இருப்பேன்.

பொடிக்காரன்


மார்ச் 7

பொடிக்காரரே,

தேறிவிட்டேன். மூன்று பேரில் மூன்றாவது ஆள். நூற்றுப் பதினொன்று. அடுத்து நூற்றுப் பதினாலு கேட்டேன், தோள்வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. போட்டுவிட்டேன். வருத்தமில்லை. பதினெட்டை யார் தூக்கினார்களோ தெரியாது, பதினொன்றைத் தூக்கியது நான். சாம்பிள் சுத்தம் என்று இன்று காலை சொன்னார்கள். அதைச் சொல்லும்வரை நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

நெட்டை நாலாவதாக வந்தாள். நேற்று ரெண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். அவள் தேறாததற்கு அழுதாள். நான் அவள் வீட்டுக்குப் போகிறாளே என்று அழுதேன். அவள் பெட்டி கட்டும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை அவளிடமே சொன்னேன், "உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்குக்கா" என்றாள்.

வியாழக்கிழமை விமானம். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அடிக்கவில்லை. உங்கள் குரலைக் கேட்டால் நான் விமானம் ஏறமாட்டேன், பஸ் ஏறிவிடுவேன். அங்கே போய் இறங்கிய பிறகு அடிக்கிறேன். தினமும் அடிப்பேன். முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், குனிந்து தூக்காதீர்கள், முழங்காலை மடக்கித் தூக்குங்கள். ஜாம் பாட்டிலை வெந்நீரில் தலைகீழாக வைத்தால் திறக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். என் கடிதம் நேற்றுக் காலை வந்தது, இன்று சாயங்காலம் எழுதுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, "ஒரு நாள் ஏன் விட்டாரு?" என்று கேட்டார். ஃபாக்டரியில் விசாரித்திருப்பார் என்று சொல்லி வைத்தேன். காது ஊறுகிறது என்று படித்த நிமிஷமே உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாதா உங்களை. நீங்கள் தள்ளிப்போட்ட அந்த ஒரு நாளில் நானும் அதைக் குடித்திருக்கிறேன். கோபம் வரவேண்டும். வரவில்லை. என் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேசாமல் இருந்தால் வந்துவிடுவாளே, வாசலில் பெட்டியோடு நிற்பாளே என்று ஒரு நாள் முழுக்க மனதுக்குள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்றால், அந்த ஒரு நாள் எனக்கு வேண்டும். இரண்டு வருஷத்துக்கு நான் எடுத்துப்போக வேறென்ன இருக்கிறது.

விசாரிக்கத்தான் நேரமாயிற்று என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் கிரேன்